நாவல் என்னுடையது, ஃபைல் அவர்களுடையது

உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவாக இருக்கும். வாரம் பூராவும் கம்பெனி. பத்தாம் தேதியானால் சம்பளக் கணக்கு, இருபதாம் தேதியானால் ஜி.எஸ்.டி. பிள்ளைகள் ஒருவழியாகப் படிப்பை முடித்து பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். இனியாவது மனசுக்குள் கிடப்பதை எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றுகிற வயது. அந்த நேரம் பார்த்து, நீங்களும் நாவலாசிரியர் ஆகலாம் என்று ஒரு நோட்டீஸ் பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். சேர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் சேர்ந்துதான் எழுதினேன்; எழுதியது புத்தகமாகவும் வந்தது. அந்த வகுப்பில் வாயே திறக்காத ஒரு விஷயத்தால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் சேருங்கள், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதியவள் நான். 2011 ஜனவரி கடைசியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கள் பட்டறைக்குக் கரன்ட்டைத் துண்டிக்க வந்தவர்களுக்கு டீ சொன்னதும் நான்தான். நொய்யலில் சாயத் தண்ணீர் இறங்கி ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் தோட்டம் துரவு பாழாகிக் கோர்ட்டுக்குப் போனவர்கள் ஒரு பக்கம். பட்டறை மூடியதும் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் பஸ் ஏறியவர்கள் ஒரு பக்கம். பத்திரிகைகள் இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் படம் போட்டன. இரண்டும் ஒரே குடும்பத்துக்குள் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் அணைக்குக் கீழே தென்னந்தோப்புக்காரர், தம்பி டையிங் மாஸ்டர். பொங்கலுக்குக்கூட பேச்சுவார்த்தை இல்லை. அதுதான் என் நாவல்.

வகுப்பு நடந்தது ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். கட்டணம் 6,000 ரூபாய், முன்பணமாக. நடத்தியவர் டி.வி. சீரியலுக்கு வசனம் எழுதியவர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. எந்த சீரியல் என்று கடைசிவரை தெரியவில்லை. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் சோழர் காலத்துக் கதை எழுத வந்தவர்கள். ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ராஜராஜன் காலத்து ஒற்றனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஒற்றன் கடைசிவரை குதிரையை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் அவர்தான் எங்களில் நல்ல மாணவர் என்று பெயர் வாங்கினார், ஏனென்றால் போர்டில் வரைந்து காட்டிய மலைப்படத்தை அச்சு அசலாகப் பின்பற்றினார். அடிவாரத்தில் அறிமுகம், ஏற்றத்தில் முடிச்சு, உச்சியில் மோதல், இறக்கத்தில் சுபம். சினிமா திரைக்கதைக்குச் சொல்லுகிற பாடத்தை அப்படியே தூக்கி நாவலுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

என் முறை வந்தபோது நடந்தது இது.

"உங்க கதையில கதாநாயகன் யாருங்கம்மா? அண்ணனா, தம்பியா?"

"ரெண்டு பேருந்தானுங்க ஐயா."

"ரெண்டு பேர்னா வாசகன் குழம்பிடுவான். தம்பியை வில்லனாக்கிடுங்க. கடைசியில திருந்தி, அண்ணன் கால்ல விழட்டும்."

சாயத்தில் கை வெந்து, வேறு தொழில் தெரியாமல், வீட்டு லோனைக் கட்டிக்கொண்டிருக்கிற மனிதனை எப்படி வில்லனாக்குவது? இருந்தாலும், ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டியவள் வாத்தியார் பேச்சைக் கேட்காமல் இருப்பாளா? கடைசி அத்தியாயத்தை அவர் சொன்னபடி எழுதினேன். தம்பி அணைக்கரையில் அண்ணன் காலில் விழுந்தான். வகுப்பே கைதட்டியது. அந்த அத்தியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அடுத்த குற்றச்சாட்டு என் பேச்சுத்தமிழ் மேல். 'என்ற பையன்', 'அக்கட்டால போ', 'ஏனுங்' என்றெல்லாம் எழுதினால் மதுரைக்காரர் படிக்க மாட்டார் என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அப்போது. எங்கள் ஏரியா கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று நடக்கிறது. காசு கிடையாது, நோட்டீஸும் கிடையாது, சுக்குக்காப்பி உண்டு. அங்கேதான் ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' என் கைக்கு வந்தது. 1942-இல் வந்த நாவல். கொங்குப் பேச்சைக் கூச்சமில்லாமல் நாவலுக்குள் நடக்கவிட்டிருக்கிறார் மனுஷன். பிறகு கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', பூமணியின் 'பிறகு' என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்து படித்தேன். கரிசல்காட்டுப் பேச்சு எனக்குப் புரிந்ததே, கொங்குப் பேச்சு மதுரைக்காரருக்குப் புரியாமலா போகும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னதற்கு, "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று முடித்துவிட்டார். நாகம்மாளை அவர் படித்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

ஆகவே முதலில் நூலகம், பிறகு வகுப்பு. எழுதப்போகிற மண்ணைப் பற்றி ஏற்கெனவே வந்த நாவல்களில் ஐந்தாறையாவது படித்துவிட்டுப் போனால், போர்டில் மலை வரையும்போது உங்களுக்குக் கேள்வி கேட்க வரும். வகுப்பால் ஒரு நன்மையும் இல்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். வாரம் இரண்டு பக்கம் எழுதி வந்து நாலு பேர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. அது இல்லாவிட்டால் நான் எழுதி முடித்திருக்க மாட்டேன். சத்தமாக வாசித்தால் எங்கே சள்ளை என்று நம் நாக்குக்கே தெரிந்துவிடும். அந்த விதிக்காக 6,000 கொடுக்கலாமா என்றால், வாசகர் வட்டத்திலும் வாசிக்கலாம். கேட்க ஆள் இருக்கிறது.

எழுதி முடித்ததும், வகுப்பு நடத்தியவர்களே 'வெளியீட்டுத் திட்டம்' ஒன்றை நீட்டினார்கள். 500 பிரதி, அட்டைப்படம், ஐ.எஸ்.பி.என்., வெளியீட்டு விழா எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். இரண்டு தவணை. காசு கொடுத்துப் புத்தகம் போட்டாள் என்று என்னைப் பற்றி வாய்க்குள் சிரிக்கிற உறவுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் அவர் சொந்தக் காசில் போட்ட புத்தகம்தான். பின்னால் சாகித்திய அகாதெமி விருதே வாங்கினார் அவர். காசு கொடுப்பது கேவலமில்லை. எதற்குக் கொடுக்கிறோம், பதிலுக்கு எது நம் கைக்கு வருகிறது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

நல்லவேளை, மெய்ப்புப் பார்க்க ஒரு பெரியவரைப் பிடித்தேன். அந்தக் காலத்து அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த நாளிலிருந்தே புரூஃப் பார்த்தவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசிக்கொண்டோம். இது அந்த 85,000-இல் சேராது. அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பிரின்ட் எடுத்த தாளின் மேல் இரும்பு ஸ்கேலை வைப்பார். படிக்கிற வரிக்கு அடுத்த வரி தெரியக் கூடாது. உதடு அசையப் படித்து, சிவப்புப் பேனாவில் ஓரத்தில் குறி போட்டு, ஸ்கேலை ஒரு வரி இறக்குவார். 'சாயப்பட்டறை' ஒரு பக்கத்தில் சேர்ந்தும் ஒரு பக்கத்தில் பிரிந்தும் கிடந்ததை எண்ணிச் சொன்னார். ஒற்று மிகுந்த இடம், மிகாத இடம் எல்லாம் போகட்டும், அது அவர் தொழில். ஒரு நாள் ஸ்கேலை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மிணி, உங்க மாஸ்டரு எந்தப் பக்கத்துலயும் சும்மா பாக்க மாட்டேங்கறாரே. வெறிச்சுப் பாக்கறாரு, கூர்ந்து பாக்கறாரு, உத்துப் பாக்கறாரு. ஒருக்கா சும்மா பாக்கட்டுமே?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மாஸ்டர் பார்க்கிற இடத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். வகுப்பில் மூன்று மாதம் கற்றதைவிட அந்த ஒரு கேள்வியில் கற்றது அதிகம்.

இன்னொன்றும் கேட்டார். தம்பி மாஸ்டர் விஞ்ச் மிஷினிலிருந்து துணியைச் சொட்டச் சொட்ட இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, "ஷேட் ஓகே" என்று சொல்லுவதாக ஒரு காட்சி. எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. "ஈரத்துல எப்பிடிங்க அம்மிணி கலர் தெரியும்? வேட்டி நனைஞ்சாலே கருத்துத்தானே தெரியும்?" என்றார். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பில் போட்டவள் நான். மிஷின்கிட்ட எத்தனை தரம் போயிருப்பேன்? ஒரு பழைய மாஸ்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். துணியில் ஒரு துண்டு வெட்டி, காயவைத்து, அயர்ன் போட்டு, லைட் பாக்ஸில் வைத்து பையர் கொடுத்த சாம்பிளோடு ஒப்பிட்டுத்தான் ஷேட் சொல்லுவார்களாம். ஈரத்தில் பார்த்து ஓகே சொன்னால் மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். அந்தக் காட்சியை மெய்ப்புத் தாளிலேயே, ஓரத்திலும் பின்பக்கத்திலும் கையால் எழுதி மாற்றினேன். எழுதுகிற வேகத்தில் கடைசி அத்தியாயத்தையும் அடித்துவிட்டேன். தம்பி காலில் விழவில்லை. அண்ணன் தோப்பில் ஒரு இளநி வெட்டிக் கொடுக்கிறார், அது உப்புக் கரிக்கிறது, தம்பி முழுசாகக் குடித்து முடிக்கிறான். அவ்வளவுதான் கடைசி.

இனிமேல்தான் கதையே.

மெய்ப்புத் தாள்களைப் பக்க வடிவமைப்பு செய்கிற பையனிடம் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு திருத்தமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டான். குறை சொல்ல முடியாது. திருத்தம் போட்டு முடித்ததும் தாள்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டான். புத்தகம் வந்தது. எல்லாம் சரியாகவே வந்தது. இப்போது கணக்குப் பாருங்கள். திருத்தமெல்லாம் போட்ட நாவல் எங்கே இருக்கிறது? அச்சான புத்தகத்தில் இருக்கிறது, அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் இருப்பது மெய்ப்புக்கு முந்தைய நாவல். ஈரத்துணியும் காலில் விழுகிற தம்பியும் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மஸ்கட்டில் இருக்கிற நாத்தனார் மகள் படிக்கக் கேட்டாள். கிண்டிலில் மின்னூலாகப் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். தமிழ் மின்னூல் போட அங்கே செலவு கிடையாது, யூனிகோட் எழுத்தில் ஃபைல் இருந்தால் போதும். பதிப்பகத்தில் கேட்டேன். மறுநாளே வாட்ஸ்அப்பில் 'ஃபைனல்' என்று பெயர் போட்டு ஒரு வேர்டு ஃபைல் வந்தது. திறந்தேன். முதல் அத்தியாயத்தை வரிவரியாகச் சரிபார்த்தேன். புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. இருக்காதா பின்னே? முதல் அத்தியாயம் வகுப்பில் திரும்பத் திரும்ப வாசித்துத் தேய்ந்தது, மெய்ப்பில் அதில் மாற்ற ஒன்றுமில்லை. நம்பி ஏற்றினேன். அவர்கள் அனுப்பியது நான் ஆதியில் கொடுத்த ஃபைல்தான். பெயரை மட்டும் மாற்றி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு போன். யாரென்று தெரியாத இளைஞர், அப்பா டையிங் மாஸ்டராம். "அக்கா, ஈரத் துணியில ஷேட் பாக்கற மாஸ்டரை நீங்க எந்தப் பட்டறையில பாத்தீங்க?" என்றார். புத்தகத்தில் அப்படி இல்லையே என்று நான் சாதித்தேன். அவர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கை நடுங்கிக் கடைசி அத்தியாயத்துக்குப் போனால், தம்பி அண்ணன் காலில் விழுந்துகொண்டிருக்கிறான். அதற்குள் ஒருவர் மதிப்புரையும் எழுதிவிட்டார்: முன்பாதி நன்றாக இருக்கிறது, முடிவு பழைய சினிமா கிளைமாக்ஸ் என்று. அதை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஒரே நாவலுக்கு இரண்டு முடிவு ஊருக்குள் உலவிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று என்னுடையதே அல்ல, டியூஷன் சென்டர் மாடியில் போர்டில் எழுதிப்போட்டது.

சரியான ஃபைலைக் கேட்கப் போனேன்.

"ஓப்பன் ஃபைல் யாருக்கும் குடுக்கறதில்லீங்க மேடம். வேணும்னா 15,000 ஆகும்."

"நான் எழுதுன நாவலுங்க அது."

"நாவல் உங்களோடதுதாங்க. ஃபைல் எங்களோடது."

பி.டி.எஃப். மட்டும் கொடுத்தார்கள். அதிலிருந்து எழுத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தும், புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக வந்து விழுகிறது. அவர்கள் பக்கம் போட்டது பேஜ்மேக்கரில். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. யூனிகோட் அதற்குத் தெரியாது. அதனால் பழைய முறை எழுத்துருவில்தான் பக்கம் போட முடியும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் என் நாவல் வெறும் கிறுக்கல். நம் ஊர் அச்சகங்களில் இன்றைக்கும் நிறையப் பேர் பேஜ்மேக்கரை விடவில்லை. சரி, யூனிகோடில்தான் பக்கம் போடுகிறோம் என்கிறவர்களிடம் போனால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் பார்த்துச் செய்ய வேண்டும். இன்டிசைனின் பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும். ஒரு பக்கம் மாதிரி போடச் சொல்லி, 'கொ', 'தௌ', 'ணை' மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

15,000 நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வேலை சுளுவாக முடிந்திருக்கும் என்று மகன் சொன்னான். முடிந்திருக்கட்டும். என் நாவலை நானே விலைக்கு வாங்குவதா? அச்சான புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து, கூகுள் டிரைவில் போட்டு எழுத்தாக மாற்றினேன். தமிழை அது பரவாயில்லாமல் படிக்கிறது. ஆனாலும் பக்கத்துக்குப் பத்துப் பிழை விடும், கொங்குப் பேச்சு வந்தால் தடுமாறும். ஒரு கோடைக்காலம் முழுக்க ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதே வேலை. திருத்திய ஃபைலைக் கிண்டிலில் மாற்றி ஏற்ற முடிந்தது. அந்த மதிப்புரையை மாற்ற முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கம்பெனியில பேக்கப் எடுக்காம ஒரு நாளாச்சும் டேலியை மூடியிருக்கியா?" கேட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். டேலி வேறு, நாவல் வேறு. டேலியில் என்ட்ரி போடுவது நான். இங்கே என்ட்ரி போட்டது இன்னொருத்தன், 'ஃபைனல்' என்று பெயர் போட்டு அனுப்பியதும் அவன்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மெய்ப்புத் தாளில் போடுகிற ஒவ்வொரு திருத்தத்தையும் அன்றைக்கு ராத்திரியே உங்கள் ஃபைலிலும் போட்டுவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் நடக்காது. மெய்ப்புத் தாள்கள் உங்கள் சொத்து, திருப்பி வாங்கி வாருங்கள். பக்கம் போட்ட ஃபைலை, அதில் பயன்படுத்திய எழுத்துருவோடு சேர்த்துத் தருவதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டே பென் டிரைவை வாங்கி, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, முதல் அத்தியாயத்தைத் திறக்காதீர்கள், கடைசி அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் பணத்தை அனுப்புங்கள்.

எழுதி வாங்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது. என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நூலை வெளியிடும் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு அளிக்கிறேன் என்று இரண்டு வரி. பக்கத்து வீட்டில் ஒரு வக்கீல் தம்பி இருக்கிறார்; புத்தகம் வந்தபிறகு காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், ராயல்டி என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது நமக்கே திரும்பிவிடும். "அவங்க சரியா எழுதத் தெரியாம எழுதுனதுதான் அக்கா உங்களுக்கு லாபம்" என்றார். உங்கள் பதிப்பகத்தார் சரியாக எழுதத் தெரிந்தவர்களாக இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கையெழுத்துக்கு முன்னால் காட்டுங்கள்.

மற்ற செலவுகளில் அதிகம் ஏமாறவில்லை, ஐ.எஸ்.பி.என். தவிர. அதற்கென்று பில்லில் 2,500 ரூபாய் போட்டிருந்தார்கள். டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற தேசிய முகமை அதை இலவசமாகத்தான் கொடுக்கிறது; எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். 978-இல் தொடங்கும் 13 இலக்கம், அவ்வளவுதான். அணிந்துரை என்று வகுப்பு வாத்தியார் ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் என்னைப் பற்றி ஒரு பத்தி, மீதி அவரைப் பற்றி. டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு ஃபாரம் 16 பக்கம். என் நாவல் 320 பக்கம், கச்சிதமாக 20 ஃபாரம். அந்த ஐந்து பக்கத்தால் அரை ஃபாரம் கூடி, அந்தத் தாள் செலவும் என் தலையில். அதில் மூன்று பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. வாங்கியவர்கள் பால் கணக்கு எழுதிக்கொள்ளலாம். அணிந்துரை இல்லாமல் போடுங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

விழாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொன்னாடைகள் வந்தன, புத்தகம் விற்கவில்லை. கடைக்காரர்கள் விலையில் 35, 40 சதவீதம் கழிவு எடுத்துக்கொள்வார்கள், மீதியையும் விற்ற பிறகுதான் கொடுப்பார்கள். 500 எல்லாம் போடாதீர்கள். இப்போது 50, 100 என்றுகூட அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பிரதிக்கு விலை கூடும், ஆனால் கட்டிலுக்குக் கீழே இடம் மிஞ்சும். என் நாவலை அதிகம் வாங்கியது பழைய பட்டறை ஆட்கள்தான். திருப்பூர் புத்தகத் திருவிழாவில் தம்பி மாஸ்டரின் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம யூனிட்டுங்களா?" என்று நின்று கேட்டு வாங்கினார்கள். சென்னை கன்னிமாரா நூலகத்தில் என் புத்தகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். புத்தகம் வெளியிடுகிறவர்கள் 30 நாளுக்குள் கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் போன்ற இடங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-இலேயே சட்டம் இருக்கிறது. போய்க் கேட்டேன், இல்லை. அதையும் நானேதான் பார்சல் கட்டி அனுப்பினேன்.

போன மாதம் அதே பேக்கரிக் கண்ணாடியில் புது நோட்டீஸ். 'எங்கள் மாணவர்களின் சாதனை' என்று என் புத்தக அட்டையைப் போட்டிருக்கிறார்கள், என் போட்டோவோடு. கேட்காமல் போட்டதற்கு போன் பண்ணிக் கேட்டேன். "உங்களுக்கு விளம்பரந்தானுங்க மேடம்" என்றார்கள். கட்டணம் 9,000 ஆகியிருக்கிறது. சேருகிறவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே எழுந்து, பக்கம் போட்ட ஃபைல் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். யார் கேட்கச் சொன்னது என்றால், நோட்டீஸில் இருக்கிற என் போட்டோவைக் காட்டுங்கள்.